நாற்பத்தொரு ஜோடி

"புது ஷூவையெல்லாம் நாசம் பண்ணி வெச்சிருக்கா. நீங்களே கேளுங்கண்ணா."

மேனேஜர் தருண் ஒரு ஜோடி ஷூவை மேசைமேல் வைத்தார். இரும்பு முனை வைத்த பாதுகாப்பு ஷூ. அதன் மேல் வெள்ளைப் பெயிண்டில் கொட்டை கொட்டையாக 'கவியரசன்'.

தொழிற்சங்கத் தலைவர் முனியப்பனுக்குச் சுருக்கென்றது. போன வருஷம் தகடு விழுந்து கவியரசனுக்குக் கால்விரல் இரண்டு போனது. அன்றிலிருந்து ஷூ கேட்டு நோட்டீஸ் அடித்து, ஹெப்பகோடி பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒட்டி, எட்டு நாள் சஸ்பெண்டும் ஆனவர் முனியப்பன்.

இன்று ஆர்டர் கொடுக்கும் கம்பெனியிலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். நாற்பத்தொரு பேருக்கும் ஷூ வந்தது. ஆய்வு முடிந்ததும் கழற்றி வைக்கச் சொன்னார்கள், நாளையிலிருந்து போட்டுக்கொள்ளலாமாம். சாப்பாட்டு நேரத்தில், தகட்டில் குறி போடும் பெயிண்ட் பேனாவை எடுத்து அத்தனையிலும் பேர் எழுதிவிட்டாள், இரும்புச் சீவல் கூட்டும் சாந்தகுமாரி.

"ஏம்மா, போராடி வாங்கினதை இப்படியா கெடுப்ப? இனி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இவர்கிட்ட நான் கேப்பேன்?"

துடைப்பத்தோடு நின்றிருந்த சாந்தகுமாரி தருணைக் கைகாட்டினாள். "காலி அட்டைப்பெட்டியெல்லாம் குப்பைல போடக் கூடாதுன்னு காலைல இவர் ஏன் சொன்னார்னு கேளுங்கண்ணா."

தருண் போனை நோண்டினார்.

"அஞ்சு மணிக்குக் கடை வேன் வருது. அப்படியே பெட்டில போட்டுத் திருப்பி அனுப்பணும்னு போன்ல பேசினார். கேட்டுக்கிட்டுதான் பெருக்கினேன். பேர் எழுதின ஷூவை எந்தக் கடைக்காரன் திருப்பி வாங்குவான்?"

முனியப்பன் மெதுவாக அந்த ஷூவை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"வேனைத் திருப்பி அனுப்பிடுங்க, தருண். பேர் போட்டாச்சு. இனி இது எங்களோடது."

தருண் கடைக்குப் போன் போட்டார்.

வெளியே வந்ததும் முனியப்பனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒரு வருஷ நோட்டீஸ் சாதிக்காததை ஒரு பேனா சாதித்துவிட்டது. சிரித்துக்கொண்டே கேட்டார்:

"உன் பேர் எழுதின ஜோடி எங்கம்மா?"

சாந்தகுமாரி குனிந்து, தேய்ந்த ரப்பர் செருப்பில் குத்தியிருந்த இரும்புச் சீவலைப் பிடுங்கி எறிந்தாள்.

"நான் காண்ட்ராக்ட் ஆளுங்கண்ணா. உங்க நோட்டீஸ்லயும் நாப்பத்தொரு ஜோடின்னுதானே கேட்டிருந்தீங்க?"