விளிம்பில் மெழுகு

ஸஞ்சான் நகரத்துக் கத்திக் கடைத்தெருவின் பகல் வெயில், கத்தியில் எழுத்துப் பொறிக்கும் உஸ்தா யதுல்லாவின் மேசை வரை வந்து நிற்கிறது. மேசையில் மெழுகு பூசிய கத்தி. அந்த மெழுகில் அவர் ஊசியால் கீறி முடித்திருப்பது தாவர் என்ற பெயரும், வரும் வெள்ளிக்கிழமையின் தேதியும். கீறிய இடத்தை மட்டும் அமிலம் தின்னும். மெழுகு மூடிய இடம் பிழைத்துக்கொள்ளும். "பிறந்தநாள் பரிசா, தம்பி?" என்கிறார். கத்தியைக் கொண்டுவந்த குத்ரத் சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து, தேநீரை உறிஞ்சிக்கொண்டே சிரிக்கிறான். "பொறந்த நாள் அவங்கம்மாவுக்குத்தான் தெரியும், உஸ்தா. இது நான் குறிச்ச நாள். என் ஆலிவ் தோப்புத் தண்ணியத் திருப்பிவிட்டவன். எழுத்து அழகா இருக்கட்டும். அவன் கடைசியாப் படிக்கப்போறது அதுதான்." அந்தத் தாவர், போன மாதம் யதுல்லாவின் மகளைக் கட்டியவன். குத்ரத்துக்கு அது தெரியாது. யதுல்லா முதுகைத் திருப்பி அமிலத் தட்டை மறைத்துக்கொள்கிறார். ஒரு சொட்டு மெழுகை உருக்கிப் பெயரை மூடுகிறார். பிறகு கட்டைவிரல் நகத்தால், பிடியிலிருந்து நுனி வரை, வெட்டும் விளிம்பின் மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டுக் கத்தியை அமிலத்தில் இறக்குகிறார். கூர் கரைய, விளிம்பு நெடுகக் குமிழிகள் நூல் பிடித்தாற்போல் கிளம்புகின்றன. நெடி கண்ணைக் கரிக்கிறது. "இன்னும் எவ்வளவு நேரம் உஸ்தா?" "இன்னொரு டீ குடி. ஆழமா இறங்கணும்ல." குத்ரத் கோப்பையோடு வாசலுக்குப் போய் நிற்கிறான். எதிர்வரிசையில், கடைக்குக் கடை, தொங்கவிட்ட கத்திகள் வெயிலில் மின்னுகின்றன. அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.