சிலிண்டரும் அட்டையும்

நூற்றாண்டு விழாக் கண்காட்சிக்காக ரசாயனக் கம்பெனி ஒரு பழைய சிலிண்டருக்கு வர்ணம் பூசி, கழுத்தில் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டது. ‘ஊர்க் குடிநீரைச் சுத்தம் செய்த குளோரின்’ என்று அதில் எழுதியிருந்தது.

சிலிண்டருக்குக் கூச்சமாக இருந்தது. அட்டையிடம் கேட்டது: “தம்பி, போர்முனையில் விஷவாயுவாக என்னைச் சிப்பாய்கள் பக்கம் திறந்துவிட்டதை எழுதவில்லையே?”

“அது நாலு வருஷம்தானே அண்ணே? நூறு வருஷத்தில் எந்த மூலைக்கு?”

“அவர்களுக்கு நாலு மூச்சே போதுமாக இருந்தது.”

அட்டை மெல்லத் திரும்பி, எழுத்தில்லாத முதுகைக் காட்டியது. மேலாளர் மூன்று முறை திருப்பி வைத்துப் பார்த்தார். மூன்று முறையும் அது மறுபடி திரும்பிக்கொண்டது. வந்தவர்கள், “இதில் என்ன இருந்தது?” என்று விசாரிக்கத் தொடங்கவே, இரண்டையும் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்.

“என்னால் உன் பிழைப்பும் போச்சே,” என்றது சிலிண்டர்.

“பரவாயில்லை அண்ணே. இந்த இருட்டில் என்னை யாரும் படிக்க முடியாது,” என்றது அட்டை நிம்மதியாக.