அதே குழி

கல்லறைத் தோட்டத்து வாசலில் மாநகராட்சி வைத்திருந்த பலகையைப் பாக்கியமேரி நின்று முழுவதும் படித்தாள்.

மாலை ஆறு மணிக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. பிளாஸ்டிக் மாலை கூடாது. அனுமதி வாங்காமல் சிமெண்ட் கட்டக் கூடாது.

"வாம்மா, வெயில் ஏறுது" என்றான் மகன் ஜினோ.

விளாங்குடியிலிருந்து ஆட்டோவில் குலுங்கி வந்ததே அவளுக்கு அதிகம். ஆட்டோவை வாசலிலேயே நிற்கச் சொல்லியிருந்தான்.

போன வாரம் டாக்டர் தன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அப்பா கல்லறை விஷயமாக ஒரு எட்டு போய்விட்டு வரலாம் என்று மட்டும் சொல்லியிருந்தான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பீரோவிலிருந்து நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் முத்திருளன் குழாயடியில் கை கழுவிவிட்டு வந்தார்.

"பழைய வரிசை பூராம் திரும்ப எடுக்கப் போறாக தம்பி. எடம் இல்ல. பதினாலு வருசம் தாண்டிருச்சுன்னா அந்தக் குழியில வேற ஆள வைக்கலாம்னு ரூல்சு. குடும்பத்துல வந்து கேட்டா அவுகளுக்கே விட்டுருவோம்."

"அதான்ணே கேக்க வந்தோம்."

மூன்று பேரும் உள்ளே நடந்தார்கள். முதலில் வெள்ளைக்காரர் காலத்துக் கல்லறைகள். ஆலை அதிகாரிகள், ரயில்வேக்காரர்கள், காய்ச்சலில் போன அவர்களுடைய குழந்தைகள். எழுத்து தேய்ந்துபோன கற்களின் மேல் ஆடு ஒன்று ஏறி நின்றது. அவற்றை யாரும் தொட முடியாது என்றார் முத்திருளன். அதற்குப் பிறகு வந்தவர்களுக்குத்தான் தவணை.

அப்பாவின் கல்லறையில் மரச்சிலுவை இன்னும் நேராக நின்றது. சவரியப்பன், ஆசிரியர். கோயிலில் பைபிள் வாசகம் வாசித்தவர். அந்தக் குரல் இனி யாருக்கு வரும் என்று பங்கு மக்கள் இன்றும் சொல்வார்கள்.

கல்லறைத் திருநாள் வந்தால் பாக்கியமேரி முதல் நாளே வந்து புல்லைப் பிடுங்குவாள். சிலுவைக்குச் சுண்ணாம்பு அடிப்பாள். மெழுகுவர்த்தி அணையாமல் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நிற்பாள். ஒரு வருடம்கூடத் தவறியதில்லை.

அதைப் பார்த்துத்தான் ஜினோ முடிவு செய்திருந்தான். அம்மா வாய் விட்டுக் கேட்க மாட்டாள், நாம்தான் செய்துவைக்க வேண்டும் என்று.

குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அம்மாவுக்கு இதையே வச்சுக்கலாமாண்ணே?"

"தாராளமா. புருசன் பொண்டாட்டின்னா அதே குழிதான எல்லாரும் கேப்பாக."

"எனக்கு வேற எடம் குடுப்பீகளா தம்பி?" என்றாள் பாக்கியமேரி.

அவளுக்கு விளங்கவில்லை என்று முத்திருளன் நினைத்துவிட்டார். பழைய எலும்பை ஓர் ஓரமாக மரியாதையாக ஒதுக்கித்தான் வைப்போம், ஆழமாகத் தோண்டுவோம், ஒரு குறையும் வராது என்று பொறுமையாகச் சொன்னார்.

அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"வெளங்குச்சு தம்பி. அவரு பக்கத்துல படுத்தது போதும்."

முத்திருளன் ஜினோவைப் பார்த்தார். ஜினோ தரையைப் பார்த்தான்.

பிறகு அவர் கிழக்குச் சுவரை ஒட்டிப் புதிதாகத் தோண்டிக்கொண்டிருந்த வரிசைக்கு அவளைக் கூட்டிப்போனார். சுவருக்கு அந்தப் பக்கம் டவுன் பஸ் போகிற சத்தம். வேப்பமரம் இருந்தது, நிழல் அதுவரை எட்டவில்லை.

"புதுக் குழிய முன்கூட்டியே பிடிச்சு வைக்க முடியாதும்மா. வாரவுகளுக்கு வரிசைப்படிதான்."

"வரிசையிலேயே வாரேன்" என்றாள் அவள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் தலையைச் சொறிந்தார்.

திரும்பி வந்தபோது ஜினோ அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"அப்படின்னா ஐயா எடம் பொதுவுக்குப் போயிரும்மா" என்றார் முத்திருளன். " நாளைக்கே வேற யாராச்சும் வந்துருவாக."

"வரட்டும்."

முத்திருளனுக்கு மனசு கேட்கவில்லை. இந்தப் பழைய வரிசைக்காக எத்தனையோ குடும்பங்கள் அவரிடம் வந்து கெஞ்சிவிட்டுப் போயிருக்கின்றன. ஜினோவின் தோளைத் தொட்டார்.

"தம்பி, அம்மா வேணாம்னா கெடக்கட்டும், பின்னாடி ஒங்களுக்குன்னு நீங்க வச்சுக்கங்க. மகனுக்கும் அதே குழி ஆகும். இப்ப விட்டா அப்புறம் கேட்டாலும் கெடைக்காது."

ஜினோ சிலுவையிலிருந்த பெயரைப் பார்த்தான். அதிகம் யோசிக்கவில்லை.

"எனக்கும் வேணாம்ணே."

பாக்கியமேரி சட்டென்று மகன் பக்கம் திரும்பினாள்.

அடி விழுந்த இரவுகளிலெல்லாம் சத்தம் வெளியே வராமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கிடந்தவள் அவள். பக்கத்து அறையில் பிள்ளை தூங்குகிறான் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.