பதினேழு டிகிரி

பிரிட்ஜைத் திறந்தவளுக்குத் தண்ணீர் குடிக்கும் நினைப்பே போய்விட்டது.

மேல்தட்டில் அவளுடைய புட்டிகள். பால் பாக்கெட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு வரிசையாக அடுக்கியிருந்தது. உள்ளே இருந்தது பன்றி விந்து.

காலையில் அவள் வேலை பார்க்கும் கருவூட்டல் நிலையத்தில் ஆண் பன்றியிடம் எடுத்தது. வெயில் தாழ்ந்ததும் ஒரு பண்ணைக்குக் கொண்டுபோய்ச் சினை ஊசி போட வேண்டியது.

மாட்டுடையது என்றால் உறைய வைத்தாலும் பிழைத்துக்கொள்ளும். பன்றியுடையது புது மாப்பிள்ளை மாதிரி, எதுவும் ஒத்துக்கொள்ளாது. பதினேழு டிகிரி. சூடு ஏறினாலும் போச்சு, குளிர் ஏறினாலும் போச்சு. அதற்குத்தான் அந்தத் தெர்மாகோல் பெட்டி.

விடியலில் எழுந்த உடம்பு. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தாள், அவ்வளவுதான்.

ஒரு புட்டியை எடுத்தாள். விரல் சில்லிட்டது. மைக்ராஸ்கோப்பில் வேறு வைத்துப் பார்க்க வேண்டுமா என்ன? அத்தனையும் செத்திருக்கும். நிலையத்தில் வேறு புட்டியும் இல்லை.

போன் அடித்தது. பண்ணைக்காரர்.

"டாக்டரம்மா, கெளம்பிட்டீங்களா? பன்னி பருவத்துக்கு வந்துடுச்சு, முதுகுல கை வெச்சா அசையாம நிக்குது. இப்ப விட்டா இன்னும் மூணு வாரம் நான் அது மூஞ்சியப் பாத்துட்டு ஒக்காந்திருக்கணும்."

"கூப்பிடறேண்ணே" என்று வைத்துவிட்டாள்.

போன மாதமே ஒரு புகார். இன்னொன்று வந்தால் வீட்டுக்குப் போய்விடு என்று அதிகாரி முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்.

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். இருந்தும் கத்தினாள்.

"யாரு இத உள்ள வெச்சது?"

அம்மா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"நான்தான்டி. வெயிலு பொட்டி மேலயே அடிச்சுது. கெட்டுப்போனா உன்னத்தான திட்டுவாங்க? ஒண்ணொண்ணா தொடச்சு வெச்சேன்."

தொடச்சு.



வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பெட்டி வாசற்படி தாண்டியதில்லை. செருப்போடு செருப்பாக வெளியில்தான் கிடக்கும். அவளும் பின்பக்கமாக வந்து, குளித்த பிறகுதான் உள்ளே நுழையலாம். இந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் போயும் போயும் பன்றியைத் தொடுகிறாளே என்று, பெற்ற மகளுக்கே தனித்தட்டு வைத்தவள் அம்மா.

"சரியாத்தான வெச்சிருக்கேன்?"

அம்மாவின் விரல்களைப் பார்த்தாள். இன்னும் ஈரமாக இருந்தன.

"சரியாத்தாம்மா வெச்சிருக்க."

கையிலிருந்த புட்டியைத் திரும்ப அந்த வரிசையிலேயே வைத்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். போனை எடுத்துக்கொண்டு, அம்மா காதில் விழாத தூரத்துக்குப் போனாள்.

"அண்ணே, இன்னிக்கு வர முடியாது. பொட்டிய நான்தான் சரியா மூடாம விட்டுட்டேன். ஆபீஸ்ல கேட்டாலும் அப்படியே சொல்லிடுங்க."