கண் விலகிய காட்சி

குழந்தைகள் கொண்டாடிய ‘வாத்து வீடு’ படவரிசையின் மூன்றாம் பாகம் ஏன் படுத்தது என்று மறுபடி ஆராய, இயக்குநர் மங்கையர்க்கரசியைத் தயாரிப்பு நிறுவனம் அழைத்திருந்தது. தியேட்டர் நாற்காலிகளில் இருந்த கேமராக்கள் அந்தப் படம் பார்த்த எல்லோருடைய கண்களையும் பதிவு செய்திருந்தன.

அதிகாரி இன்பராஜ் பதிவை நிறுத்தினார். “அப்பா வீட்டை விட்டுப் போற சீன். ஒருத்தர் கண்ணும் திரையில இல்ல. இத வெட்டி மறுபடி ரிலீஸ் பண்ணச் சம்மதிச்சா அடுத்த பாகம் உங்களுக்கு. இல்லேன்னா வேற ஆளு, மேடம்.”

அந்தத் தோல்விக்குப் பிறகு மங்கையர்க்கரசியை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

“திரையப் பாக்கல, சரி. வேற எங்க பாத்தாங்க?”

அதை இதுவரை யாரும் கேட்டதில்லை. அவர் தயக்கத்தோடு பதிவை ஓடவிட்டார். இருட்டில் பிள்ளைகள் பக்கத்திலிருந்த அப்பாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி தன் அப்பாவின் சட்டையைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். அவர் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இன்பராஜின் குரல் இறங்கியது. “கண்ணு விலகினா தோல்விதான், மேடம். மெஷினுக்கு அவ்வளவுதான் தெரியும்.”

“நான் வெட்டல. அடுத்த பாகத்த வேற யாராவது எடுக்கட்டும்.”

எழுந்து கதவைத் திறந்தபோது, பின்னால் அவர் போனில் பேசுவது கேட்டது.

“பாப்பாகிட்ட குடு... ஒண்ணுமில்ல, சும்மாதான்.”