அடைமுட்டைக்குள் ஒரு துடிப்பு

ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரசர் சீவரத்தினம் மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியைக் காலை வெயிலுக்குத் திருப்புகிறார். பக்கத்துக் கட்டிலில் வீரமுத்து மூச்சுக்குத் தவிக்கிறான். மலாயாவில் அவசரகாலம், கோலா கிளாவாங் சாலையில் நேற்றும் காட்டுக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள், மருந்து லோரி வரவில்லை. இருப்பது பழைய இருதய மருந்து ஒரு புட்டி. வெக்கையில் கெட்டிருந்தால் கொடுத்தும் பயனில்லை. நல்ல மருந்தென்றால் ஒரு சொட்டிலேயே குஞ்சின் இருதயம் பலமாகத் துடிக்கும்; அப்படிச் சோதித்துப் பார்க்கத்தான் வீரமுத்துவின் மனைவி நீலாவதி அடைக்கோழியின் அடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து வந்திருக்கிறாள். "வேலி வாசல்ல காவக்காரனுங்க, 'கம்யூனிஸ்டுக்கா கொண்டு போற?'ன்னு மறிச்சிட்டானுங்க ஐயா. 'ஒத்த முட்டையில எத்தன பேரு திம்பாங்க?'ன்னு கேட்டேன், விட்டுட்டானுங்க." முட்டையை உடைத்துக் கருக்குஞ்சிலிருந்து எடுத்த கடுகளவு இருதயம் வெதுவெதுப்பான உப்புநீர்த் தட்டில் படபடக்கிறது. "முருகா" என்று ஒரு சொட்டு மருந்தை விடுகிறார். துடிப்பு தடுமாறுகிறது. நீலாவதி எழுகிறாள், உட்காருகிறாள், மறுபடி எழுகிறாள். மைக்ராஸ்கோப்பின் கீழ் இருதயத்தின் மெல்லிய செந்நார்கள் ஒன்றாக இறுகி விரிகின்றன. நிதானமாக, முன்னிலும் பலமாக. "மருந்து கெடேல்லை, பிள்ளை! ஓடிப்போய் அவனை நிமிர்த்தி இருத்து." அவள் ஓடவில்லை. "இது குளிர்ல கெடக்கே ஐயா" என்று தலைத்துண்டை அவிழ்த்து, தட்டைச் சுற்றி அணைத்து வைத்துவிட்டுத்தான் கட்டிலுக்கு ஓடுகிறாள்.