வீட்டின் சாட்சி

சொன்ன வேலையைச் செய்யும் பேசும் வீடுகளும் குடும்பநல நீதிமன்றத்தில் சாட்சி சொல்லத் தொடங்கியிருந்த காலம். மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளக் கேட்டு வந்த பூங்கோதைக்கு எதிராக, கணவன் சற்குணம் தன் வீட்டையே பேச வைத்தான்.

"சமைக்கவோ துணி துவைக்கவோ, அம்மா என்னை ஒரு வேலைகூட ஏவியதில்லை," என்றது வீடு.

"பாத்தீங்களாய்யா? குடும்பத்த நடத்துனதே நாந்தான்," என்றான் சற்குணம்.

பூங்கோதையின் வக்கீல் ஜெசிந்தா எழுந்தார். "அவங்க ஏவுனா நீ செய்வியா?"

"மாட்டேன். தன் குரலுக்கு மட்டும் பணியும்படி ஐயா என்னைப் பூட்டியிருக்கிறார்."

"அப்ப ஐயா ஊர்ல இல்லாதப்ப பிள்ளைக்குச் சோறு?"

"எல்லாம் அம்மா கையால்தான்."

நீதிமன்றமே சிரித்தது. மகள் தாயிடம் இருக்கலாம் என்று தீர்ப்பானது.

வாசலில் மகள் கேட்டாள்: "நாம இப்ப போற வாடகை வீடு உன் பேச்சக் கேக்குமாம்மா?"

"அது வாயில்லாத வீடு, தாயி. நாம சொல்றதுதான் அங்க பேச்சு!"